தவறு செய்யத்தக்க உலகு: சிறாருக்குச் செய்நிரலாக்கம் கற்பித்தல் பற்றிய சில சிந்தனைகள்

1

கணினித் திரையிலே தோன்றும் கற்பனை உலகொன்றினுள்ளே பிள்ளைகளைப் புகவிட்டு, அவ்வுலகிலுள்ள உருக்களை இயக்குவதன் வாயிலாக அவர்களுக்குச் செய்நிரலாக்கத்தைக் கற்பிக்கும் முறை கடந்த அரை நூற்றாண்டாக உலகின் பல பாகங்களிலும் பயின்று வந்துள்ளது. அண்மைக் காலத்தில் இம்முறை 'பாதுகாப்பான மெய்நிகர் உலகு' என்னும் பெயரோடு பெற்றோருக்கும் பாடசாலைகளுக்கும் பரிந்துரைக்கப்படுகிறது. யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் இதுபற்றிய ஆர்வம் பெருகி வருகின்றது. ஆயின், எம்மிடையே நிகழும் உரையாடல்கள் பெரும்பாலும் இரு துருவங்களில் நிற்பதையே காண்கிறோம். ஒரு சாரார் இதனை எதிர்காலத் தொழில்வாய்ப்பின் திறவுகோலெனப் போற்றுகின்றனர். மற்றொரு சாரார் கைத்தொலைபேசியும் கணினி விளையாட்டும் பிள்ளைகளைக் கெடுப்பன என முற்றாக நிராகரிக்கின்றனர். இரு சாராரும் கேளாது விடும் வினாக்கள் சில உள. அவ்வுலகை ஆக்கியவர் யாவர்? அதன் விதிகளை மாற்றும் உரிமை யாரிடம் உள்ளது? அங்கு பிள்ளை செலுத்தும் உழைப்பின் பயன் யாரைச் சென்றடைகின்றது? இவ்வினாக்களை வரலாற்று நோக்கிலே அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்கத்திலேயே 'பாதுகாப்பு' என்னும் சொல்லைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். எமது மண்ணிலே இச்சொல் வெறும் அகராதிச் சொல்லன்று. 1990இன் பின்னர் வலிகாமம் வடக்கிலே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தம் வீடு வளவுகளை இழந்தது 'உயர் பாதுகாப்பு வலயம்' என்னும் பெயரினாலேயே ஆகும். 2009இல் போர் முடிந்த பின்னர் அக்காணிகள் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டன. குடாநாட்டின் தென்வாயிலாகிய முகமாலையிலே கண்ணிவெடியகற்றும் பணி போர் முடிந்து பத்தாண்டுகள் கடந்த பின்னரும் தொடர்ந்தது. பாதையை விட்டு ஓரடி விலகினாற் கால் போகும் என்று பிள்ளைகளுக்குப் பாடசாலையிலே படம் காட்டிக் கற்பித்த சமுதாயம் எமது சமுதாயம். எனவே பாதுகாப்பு என்றதும் 'எதிலிருந்து, யாருக்கு?' என வினவுதல் எமக்கு இயல்பாகவே வரும். அவ்வினாவைக் கணினி உலகின் முன்னும் வைத்தல் தகும்.

2

இம்முறையின் தோற்றுவாயை 1967ஆம் ஆண்டிலே காணலாம். அவ்வாண்டிலே அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்தில் சீமோர் பப்பேர்ட், வோலஸ் பியூர்சைக், சிந்தியா சொலமன் முதலியோர் சிறாருக்கென லோகோ என்னும் செய்நிரல் மொழியை ஆக்கினர். பப்பேர்ட் தென்னாபிரிக்காவிற் பிறந்தவர்; இளமையிலே அந்நாட்டின் நிறவெறி ஆட்சியை எதிர்த்து இயங்கியவர்; பின்னர் ஜெனீவாவிலே உளவியலாளர் பியாஜேயுடன் பணியாற்றியவர். பிள்ளை அறிவை வெளியிலிருந்து பெற்று நிரப்பிக் கொள்வதில்லை, தன் செயலினூடாக அதனைக் கட்டியெழுப்புகிறது என்னும் பியாஜேயின் கருத்தை அவர் கணினித் துறைக்குக் கொண்டு வந்தார். கணினி பிள்ளையை இயக்குவதற்கு மாறாகப் பிள்ளையே கணினியை இயக்க வேண்டும் என்பது 1980இல் அவர் வெளியிட்ட 'மைன்ட்ஸ்ரோம்ஸ்' என்னும் நூலின் அடிநாதமாகும்.

லோகோவின் நடுநாயகம் ஓர் ஆமை. தொடக்கத்தில் அது நிலத்தில் ஊரும் பொறியாக இருந்தது. பின்னர் திரையில் ஊரும் குறியாயிற்று. 'முன்னே 100', 'வலம் 90' என்பன போன்ற கட்டளைகளுக்கு அது பணியும். செல்லும் வழியிலே கோடு வரையும். இவ்விரு கட்டளைகளையும் நான்கு முறை திரும்பச் செய்வித்தாற் சதுரம் தோன்றும். இதனைக் கற்றுக்கொண்ட பிள்ளை அடுத்ததாக முக்கோணத்தை வரைய முற்படும். சமபக்க முக்கோணியின் கோணம் 60 பாகை எனப் பாடநூலிலே படித்திருப்பதால் 'வலம் 60' என்று கட்டளையிடும். ஆனால் மூன்று முறை சென்ற பின்னும் ஆமை தொடங்கிய இடத்துக்கு மீளாது. ஆறு முறை செய்வித்தால் அறுகோணியே தோன்றும். பிள்ளை திகைக்கும், பின்னர் தானே எழுந்து நடந்து பார்க்கும். நடப்பவர் திரும்புவது உருவத்தின் அகக்கோணமளவுக்கன்று, புறக்கோணமளவுக்கே என்பதும், எந்த எளிய உருவத்தைச் சுற்றி வந்தாலும் மொத்தத் திருப்பம் 360 பாகையே என்பதும் அப்பொழுது விளங்கும். 360ஐ மூன்றாற் பிரிக்க 120 வரும். முக்கோணம் கைகூடும்.

இவ்வெளிய எடுத்துக்காட்டிலே முழுக் கோட்பாடும் அடங்கியுள்ளது. பரீட்சைத் தாளிலே 60 என்று எழுதிய பிள்ளைக்குக் கிடைப்பது சிவப்புப் புள்ளடி. ஆமையின் உலகிலே 60 என்று கூறிய பிள்ளைக்குக் கிடைப்பது ஓர் அறுகோணி. முன்னையதிலே தவறு முடிவாகின்றது. பின்னையதிலே தவறு ஆராய்வின் தொடக்கமாகின்றது. பப்பேர்ட் இத்தகைய வரையறுத்த சிற்றுலகை நுண்ணுலகு என்னும் பொருள்படும் பெயரால் வழங்கினார். விதிகள் சில, அவை வெளிப்படையானவை, விளைவு உடனே கண்முன் தோன்றும், தவறினால் எவருக்கும் ஊறு நேராது. 'பாதுகாப்பு' என்பதன் முதற்பொருள் இதுவேயாகும்: தவறு செய்வதற்கான பாதுகாப்பு.

1981இல் அமெரிக்கரான ரிச்சர்ட் பற்றிஸ் ஆக்கிய 'கரெல்' என்னும் றொபோவின் உலகும் இவ்வகையினதே. சதுரக் கட்டங்களாலான நகரம், இடையிடையே சுவர்கள், சுவரில் மோதினால் றொபோ நின்றுவிடும். 1920இல் தாம் எழுதிய நாடகத்தின் வழியே 'றொபோ' என்னும் சொல்லை உலகுக்களித்த செக் எழுத்தாளர் கரெல் சபெக்கின் நினைவாகவே அப்பெயர் இடப்பட்டது. அச்சொல்லின் வேர் கட்டாய உழைப்பைக் குறிப்பது. ஒல்லாந்தர் ஆட்சிக்கால யாழ்ப்பாணத்தில் 'ஊழியம்' என வழங்கிய கூலியில்லா வேலையை அறிந்தோருக்கு இவ்வேர்ப்பொருள் எளிதில் விளங்கும். ஏவப்படுபவரின் வரலாற்றையும் தன்னகத்தே கொண்ட சொல்லொன்றே இன்று பிள்ளைகளின் விளையாட்டுத் தோழனுக்குப் பெயராகியுள்ளமை மனங்கொள்ளத்தக்கது.

3

செய்நிரலாக்கக் கல்வியின் வரலாற்றை அமெரிக்க ஆய்வுகூடங்களின் வரலாறாக மட்டும் எழுதுதல் பொருந்தாது. 1981இல் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரிலே நடைபெற்ற கணினிக் கல்வி பற்றிய உலக மாநாட்டிலே சோவியத் அறிஞர் அந்திரேய் எர்ஷோவ் செய்நிரலாக்கத்தை 'இரண்டாம் எழுத்தறிவு' எனக் கண்டு உரையாற்றினார். எழுத்தறிவு ஒரு காலத்திலே எழுத்தர் குலத்தின் தனியுடைமையாக இருந்து பின்னர் மக்கள் அனைவரின் உரிமையானதைப் போலவே செய்நிரலாக்கமும் ஆக வேண்டுமென்பதே இவ்வொப்புமை உணர்த்தும் பொருள் எனலாம். 1985 செப்ரெம்பரிலே சோவியத் ஒன்றியம் முழுவதும் உயர்வகுப்புகளில் தகவலியல் கட்டாய பாடமாக்கப்பட்டது.

இங்கு எமக்குப் பெரிதும் பயன்படக்கூடிய செய்தியொன்று உண்டு. அப்பாடம் தொடங்கிய வேளையிலே அந்நாட்டுப் பாடசாலைகள் பெரும்பாலானவற்றிற் கணினியே இருக்கவில்லை. ஆகவே கணினியின்றியே கற்பிக்கும் வகையிலும் பாடம் வகுக்கப்பட்டது. மாணவர் தாளிலே ருசிய மொழிச் சொற்களாலான எளிய செய்நிரல் மொழியில் நெறிமுறைகளை எழுதினர். பின்னர் குஷ்னிரென்கோ, லெபெதேவ் முதலிய மொஸ்கோப் பல்கலைக்கழகக் கணிதவியலாளர் பள்ளிக்கென ஆக்கிய பாடத்திலே கட்டங்களாலான வெளியில் நகரும் 'றொபோ' மாணவரின் ஏவலை ஏற்றது. மேலே, கீழே, இடப்புறம், வலப்புறம் நகர்தல்; அருகிற் சுவர் உளதா என வினவுதல்; கட்டத்துக்கு வண்ணமிடுதல் ஆகிய சிலவே அதன் ஆற்றல்கள். அச்சிலவற்றைக் கொண்டே தொடர், தெரிவு, மீள்செயல் ஆகிய அடிப்படைகள் அனைத்தும் கற்பிக்கப்பட்டன.

அம்முயற்சி முழு வெற்றி பெற்றதென நாம் கூறவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியரும் பொறிகளும் போதாமையால் அது பல இடங்களிலே ஏட்டுப்பாடமாகவே நின்றது. எனினும் இரண்டு கொள்கைகளை அது நிலைநாட்டியது. முதலாவது, செய்நிரலாக்கத்தின் சாரம் பொறியில் அன்று, ஒழுங்குபட்ட சிந்தனையிலேயே உள்ளது. இரண்டாவது, அதனைத் தாய்மொழியிலே, அனைவருக்கும், இலவசமாக அளிப்பது அரசின் கடமை. அண்மையிலுள்ள கேரள மாநிலமும் இவ்வழியிலே குறிப்பிடத்தக்க அனுபவத்தைக் கொண்டுள்ளது. 2001இல் அங்கு தொடங்கிய அரசாங்கக் கல்வித் திட்டம் சில ஆண்டுகளிலே உரிமக் கட்டணமற்ற கட்டற்ற மென்பொருளைத் தன் அடிப்படையாக ஏற்றுக்கொண்டது. பொதுப் பாடசாலைப் பிள்ளைகளும் 'ஸ்கிராச்' போன்ற கருவிகளைத் தம் மொழிவழிப் பாடத்திலே கையாளும் நிலை அதனால் உருவாயிற்று.

4

இக்கருத்துகள் சந்தையின் கைக்கு மாறியபோது நிகழ்ந்தது யாது? 2007இல் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் மிச்சல் றெஸ்னிக்கின் குழுவினர் வெளியிட்ட ஸ்கிராச், பப்பேர்ட்டின் மரபிலே வந்தது. கட்டளைகள் துண்டங்களாக இருக்கும். ஒன்றோடொன்று பொருந்துவனவே பொருந்தும். ஆதலால் எழுத்துப் பிழையால் வரும் இடர் இல்லை. அது இலவசமானது, இணையமின்றியும் இயங்கவல்லது. இலங்கையின் இடைநிலை வகுப்புத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியற் பாடநூல்களிலும் அது இடம்பெற்றுள்ளது.

இதற்குச் சமாந்தரமாக வேறொரு போக்கும் வளர்ந்தது. சுவீடனில் ஒருவரது முயற்சியாக 2009இல் தொடங்கிய 'மைன்கிறாவ்ற்' என்னும் கட்டட விளையாட்டை 2014இல் மைக்ரோசொப்ற் நிறுவனம் 250 கோடி டொலருக்கு வாங்கியது. 2016இல் அதன் கல்விப் பதிப்பு உரிமக் கட்டணத்தோடு பாடசாலைகளை வந்தடைந்தது. 2006இல் வெளியான 'ரோப்லொக்ஸ்' இன்னும் ஒரு படி மேலே சென்றது. அங்கு விளையாட்டுகளை ஆக்குவோரும் பயனரே. அவர்களுட் சிறுவரும் உளர். ஆக்கியவருக்குக் கிடைப்பது அவ்வுலகினுள்ளே செல்லும் நாணயம். அதனை மெய்ப்பணமாக மாற்றும் விதிகளை வகுப்பது நிறுவனம். வருவாயிற் பெரும்பங்கைப் பெறுவதும் அதுவே. 2021இல் அந்நிறுவனம் நியூயோர்க் பங்குச் சந்தையிலே நுழைந்தது. சிறுவரை அந்நியர் அணுகித் தீங்கிழைக்கும் அபாயம் பற்றிய முறைப்பாடுகள் பெருகின. 2024 ஓகஸ்ரிலே துருக்கி அரசு சிறுவர் பாதுகாப்பைக் காரணங்காட்டி அதனைத் தடை செய்தது.

இவ்விடத்திலே 'பாதுகாப்பு' என்பதன் ஏனைய இரு பொருள்களும் தெளிவாகின்றன. இரண்டாம் பொருள், தீயோரிடமிருந்து பிள்ளையைக் காத்தல். பெற்றோர் பெரும்பாலும் இதனையே கருதுகின்றனர். இது நியாயமான கவலையே. நிறுவனங்களும் தணிக்கை, வயதுக் கட்டுப்பாடு, பெற்றோர் அனுமதி முதலியவற்றால் இதற்கு விடையிறுப்பதாகக் கூறுகின்றன. மூன்றாம் பொருளைப் பற்றி எவரும் பேசுவதில்லை. அது சந்தையிடமிருந்து பிள்ளையைக் காத்தல். தன் நேரமும் கவனமும் கற்பனையும் பண்டமாக மாற்றப்படுவதிலிருந்து பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய பாதுகாப்பே அது. காவலாளி வாயிலிலே நிற்கும் கடையொன்றினுள்ளே பிள்ளையை விட்டுவந்தால், திருடரிடமிருந்து அது காக்கப்படலாம், கடைக்காரரிடமிருந்து காக்கப்படுமா?

ஆயின் மெய்நிகர் உலகே முதலாளித்துவச் சூழ்ச்சி என ஒதுக்கிவிடுதல் பொறிகளை உடைத்து விடுதலை தேடிய தொடக்ககாலத் தொழிலாளரின் நிலைக்கே எம்மை இட்டுச் செல்லும். பிரச்சினை பொறியிலன்று, அப்பொறி எவருடைமை என்பதிலேயே உள்ளது. 2010இல் பின்லாந்தவர் ஒருவர் தொடங்கிய 'மைன்ரெஸ்ற்' என்னும் கட்டற்ற மென்பொருள் இதற்குச் சான்றாகும். 2024இல் 'லுவான்ரி' எனப் பெயர் மாற்றம் பெற்ற இம்மென்பொருளிலும் கட்டைகளால் உலகு கட்டலாம். அதன் விதிகளையே செய்நிரலால் மாற்றலாம். பாடசாலையொன்றின் உள்வலையமைப்பிலே, வெளியிணைப்பு எதுவுமின்றி, ஆசிரியரின் கண்காணிப்பில் அதனை இயக்கலாம். அந்நியர் நுழைய வழியில்லை, விற்பனைக்குப் பண்டமுமில்லை. மேற்கூறிய மூன்று பொருளிலும் பாதுகாப்பான உலகு இயலக்கூடியதே என்பதற்கு இஃது ஒன்றே போதும்.

5

இனி, எமது சூழலை நோக்குவோம். 1990களின் முற்பகுதியிலே குடாநாடு மின்சாரமின்றி இருந்தது. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டின் நடுவே சிக்கன விளக்கொளியிற் படித்ததும், மிதிவண்டியின் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதும் ஒரு தலைமுறையின் அனுபவம். அத்தலைமுறையினர் இன்று பெற்றோராயும் ஆசிரியராயும் உள்ளனர். 2020-21இல் பெருந்தொற்றால் பாடசாலைகள் மூடப்பட்ட வேளை, வீட்டிலே கைத்தொலைபேசியில்லாத பிள்ளைகள் கல்வியினின்றும் அறுபட்டனர். 2022இன் பொருளாதார நெருக்கடியில் நாளொன்றுக்குப் பல மணிநேரம் மின்வெட்டு நிலவியது. கணினியை முன்நிபந்தனையாகக் கொள்ளும் எந்தக் கல்வித்திட்டமும் எமது கரையோரக் கிராமத்துப் பிள்ளையையும் குத்தகைக் காணியிலே வெங்காயம் செய்வோரின் பிள்ளையையும் முதலிலேயே விலக்கிவிடுகின்றது என்பது வெள்ளிடைமலை.

இதனை மனத்திற்கொண்டே, வலிகாமத்துச் சனசமூக நிலையமொன்றின் முற்றத்திலே பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளோடு சிறு முயற்சியொன்றிலே ஈடுபட்டோம். எர்ஷோவின் நாட்டவர் தாளிலே செய்ததை நாம் மண்ணிலே செய்தோம். கிளித்தட்டுக்குக் கோடு கீறுவது போலவே கட்டங்களைக் கீறினோம். ஒரு பிள்ளை றொபோ, ஏனையோர் ஏவுவோர். செங்கற்கள் சுவர்களாயின. 'முன்னே போ' என்றான் ஒருவன். றொபோவான சிறுமி நிற்காமற் போய்க் கோட்டைக் கடந்து வேலியருகே நின்றாள். எல்லோரும் சிரித்தனர். எத்தனை கட்டம் என்று கூறாதது ஏவியவனின் குறையென்பதை அவர்களே கண்டனர். பின்னர் 'வலம் திரும்பு' என்பதிலே பிணக்கு எழுந்தது. எதிரே நின்று ஏவியவனின் வலம் அவளுக்கு இடம். 'உன்ர வலமோ, என்ர வலமோ?' என்று அவள் கேட்டாள். ஏவுவோர் ஏவப்படுபவரின் இடத்திலே தம்மை நிறுத்திச் சிந்தித்தாலன்றி ஏவல் நிறைவேறாது என்பதை அவ்வினாவே உணர்த்திற்று. பப்பேர்ட் ஆமையை வைத்துச் சொன்னதும் இதுவேயன்றோ!

மீள்செயலை விளக்குவதற்குத் தோட்டத்துக்கு நீர் மாறும் வேலையை எடுத்துக்கொண்டோம். பாத்தியின் வாயைத் திற, பாத்தி நிறையும் வரை காத்திரு, வாயை மறி, அடுத்த பாத்திக்குச் செல், பாத்திகள் முடியும் வரை இவற்றைத் திரும்பச் செய். இது மீள்செயலுக்குள் மீள்செயல். பாடநூலிற் பல பக்கங்களை வேண்டும் இக்கருத்தை அப்பிள்ளைகள் தம் கைகளால் முன்னரே அறிந்திருந்தனர். தோட்டக்காரர் ஒருவரின் மகன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, 'கிணறு வத்தினா என்ன செய்யிறது? அவன் நிண்டுகொண்டே இருப்பானே' என்றான். நிறைவேறாத நிபந்தனைக்காக முடிவின்றிக் காத்து நிற்கும் செய்நிரல், கணினித்துறையினர் எக்காலமும் போராடும் குறைகளுள் ஒன்று. கோடையிற் கிணற்றடியிலே நின்ற அனுபவத்திலிருந்து அவன் அதனைக் கண்டுகொண்டான். உழைக்கும் மக்களின் வாழ்விலே ஒழுங்குமுறைச் சிந்தனை இல்லை, அதனை வெளியிலிருந்து புகட்ட வேண்டும் என்னும் எண்ணம் எத்துணைப் பிழையானது என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

இத்தகைய தொடர்பு புதிதன்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சார்ந்த கிவ்ற் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருதிவாசனோடு சேர்ந்து 1974இலேயே புள்ளிக் கோலங்களைக் கணினியியலின் இலக்கணக் கோட்பாட்டினாலே விளக்கும் கட்டுரையை வெளியிட்டனர். 1980களிலே கோலங்கள் ஆமை வரைபினாலும் வரையப்பட்டன. பெண்கள் வாசலிலே தலைமுறை தலைமுறையாக இட்டு வந்த கோடுகள் உலகக் கணினியியலாளரின் ஆய்வுப் பொருளாயின. எனினும் அக்கோடுகளை இட்ட பெண்களுக்கு அவ்வறிவு செய்நிரலாக்கமாகத் திரும்பி வரவில்லை. திரும்பக் கொண்டுவருதல் கல்வியின் பணியாகும்.

6

தாய்மொழிப் பிரச்சினையும் இங்கு தவிர்க்கவியலாதது. மானிப்பாயிலே பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலே கற்பித்து, நூல்களையும் தமிழிலே ஆக்குவித்தார். அறிவியலைத் தமிழிற் சொல்ல முடியுமா என்னும் வினாவுக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே இக்குடாநாடு விடையளித்துவிட்டது. செய்நிரலாக்கத்திலும் அவ்வழி திறந்தேயுள்ளது. முத்தையா அண்ணாமலை ஆக்கிய 'எழில்' என்னும் கட்டற்ற செய்நிரல் மொழி தமிழ்ச் சொற்களையே கட்டளைகளாகக் கொண்டது. 2009இல் அதுபற்றிய கட்டுரை வெளியாயிற்று. 'பதிப்பி', 'ஆனால்', 'இல்லை', 'வரை', 'முடி' என்பன அதன் சொற்களுட் சில. ஆங்கிலம்வழி மொழிகளிலே நிபந்தனைச் சொல் முன்னும் நிபந்தனை பின்னும் வரும். எழிலிலோ நிபந்தனை முதலிலும் 'ஆனால்', 'வரை' என்பன அதன் பின்னும் வருகின்றன. 'பாத்தி நிறையும் வரை' என்றே நாம் பேசுகிறோம். மொழியின் இயல்பான தொடரமைப்புக்கும் செய்நிரலின் அமைப்புக்குமிடையே பிள்ளை தாண்டவேண்டிய பள்ளம் இதனாற் குறைகின்றது.

எனினும் மொழியை மாற்றியதும் யாவும் மாறிவிடுமெனக் கருதுதல் கற்பனாவாதமாகும். உயர்நிலையிலே பயன்படும் கருவிகளும் விளக்க நூல்களும் இன்னும் பெரிதும் ஆங்கிலத்திலேயே உள்ளன. எமது க.பொ.த. சாதாரணதரத்தில் பாஸ்கலும் உயர்தரத்தில் பைதனும் இடம்பெற்று வந்துள்ளன. தமிழில் அடிப்படையைப் பெற்ற பிள்ளை அவற்றுக்குச் செல்ல வேண்டும், செல்லவும் முடியும். தொடரையும் தெரிவையும் மீள்செயலையும் ஒருமுறை விளங்கிக் கொண்டவருக்குச் சொற்களை மாற்றுவது எளிது. விளங்காமல் ஆங்கிலச் சொற்களை மனனம் செய்தவருக்கோ மொழி மாறும்போதெல்லாம் முதலிலிருந்தே தொடங்க நேரும்.

7

இம்முறையின் எல்லைகளையும் கூறாதுவிடல் நேர்மையாகாது. 1984இல் அமெரிக்க ஆய்வாளர் றோய் பீ, மிடியன் கேர்லண்ட் ஆகியோர் லோகோ கற்ற பிள்ளைகளை ஆராய்ந்து, அவர்களது பொதுவான திட்டமிடும் ஆற்றல் அதனால் தானாகவே உயர்ந்துவிடவில்லை எனக் காட்டினர். நுண்ணுலகினுள்ளே பிள்ளையை விட்டுவிட்டால் மட்டும் போதாது; கண்டதைப் பொதுமைப்படுத்தவும் வேறிடத்திலே பொருத்தவும் வழிகாட்டும் ஆசிரியர் வேண்டும். கற்றல் சமுதாயச் செயல் எனவும், வளர்ந்தோரின் துணையோடு இன்று செய்வதைப் பிள்ளை நாளை தனியே செய்யும் எனவும் விகொட்ஸ்கி 1930களில் வலியுறுத்தியது இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. முற்றத்திலே றொபோவான சிறுமி எழுப்பிய வினாவும் தனித்திருந்து எழுந்ததன்று. கூடி விளையாடியதாலேயே எழுந்தது.

இரண்டாவது இடர் எமது சமுதாயத்துக்கே சிறப்பாக உரியது. 1970களின் தரப்படுத்தலும் அதன் பின்வந்த போட்டியும் கல்வியைப் பரீட்சைப் புள்ளியாகவும், புள்ளியைத் தனியார் கல்வி நிலையத்தின் பண்டமாகவும் மாற்றிவிட்டன. செய்நிரலாக்கமும் அவ்வாலையினுட் புகுமாயின், வினாவும் விடையும் அச்சிட்ட கையேடாகவே வெளிவரும். தவறுக்கு இடமளிப்பதே இக்கல்வியின் உயிர். தவறுக்குப் புள்ளி குறைப்பதே பரீட்சையின் இயல்பு. இம்முரண்பாட்டை நல்லெண்ணத்தினால் மட்டும் தீர்க்கவியலாது. யாழ் ஐ.ரி. ஹப் போன்ற தன்னார்வ அமைப்புகள் பல ஆண்டுகளாகக் குடாநாட்டு இளைஞரிடையே இத்துறையார்வத்தை வளர்த்து வருதல் பாராட்டத்தக்கதே. ஆயின் தன்னார்வம் பொதுக்கல்விக்கு ஈடாகாது. 1940களில் கன்னங்கராவின் முயற்சியால் நாம் பெற்ற இலவசக் கல்வி, எண்ணும் எழுத்தும் எல்லோருக்கும் உரியன என்றது. அவ்வுரிமை இன்று இவ்விரண்டாம் எழுத்தறிவுக்கும் விரிதல் வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வினா எழலாம். 2022இன் இறுதியிலிருந்து செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் தாமே செய்நிரல்களை எழுதித் தருகின்றனவே, பிள்ளைகள் இதனைக் கற்றாற் பயன் யாது? செய்நிரலாக்கம் கூலியுழைப்புக்கான திறன் மட்டுமே என்பவர்க்கு இவ்வினாவிற்கு விடை கூறல் அரிது. எழுத்தறிவின் பயன் எழுத்தர் வேலை மட்டுமன்று என்பதை உணர்ந்தோர்க்கு அது அரிதன்று. கடன் தரலாமா, உதவிப்பணத்துக்கு யார் தகுதி, எச்செய்தி யார் கண்ணிற் படும் என்பவற்றையெல்லாம் நெறிமுறைகள் தீர்மானிக்கும் காலமிது. அவை இயற்கை விதிகள் அல்ல, மனிதர் வகுத்தவை, ஆகவே மனிதரால் மாற்றத்தக்கவை என்னும் அறிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் குடிமகளுக்கும் தேவையானது. தன் கையாலே சிற்றுலகொன்றின் விதியை எழுதி, அது பிழைத்தபோது திருத்தி எழுதிய பிள்ளைக்கே அவ்வறிவு உடலோடு ஒட்டியதாக வரும்.

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, நடைமுறைக்குரிய முடிவுகள் சில பெறப்படுகின்றன. செய்நிரலாக்கத்தைக் கணினிக்கு முன்னர் முற்றத்திலும் தாளிலும் தொடங்குக. கணினி கிடைக்குமிடத்து, கட்டற்ற மென்பொருளை உள்வலையமைப்பில் இயக்குக. கட்டளைகளைத் தமிழிலே தருக. சனசமூக நிலையங்களையும் வாசிகசாலைகளையும் இதற்குப் பயன்படுத்துக. ஆசிரியருக்கான பயிற்சியைப் பொதுச்செலவிலே கோருக. இவற்றுள் எதுவும் பெருமுதலை வேண்டுவதன்று. ஒழுங்குபட்ட கூட்டு முயற்சியையே வேண்டுவது.

தப்படி வைத்தால் உயிர் போகும் நிலத்திலே வளர்ந்த தலைமுறையினர் தம் பிள்ளைகளுக்கு அளிக்கக்கூடிய கொடைகளுள் ஒன்று, தப்படி வைத்துப் பார்க்கத்தக்க வெளியாகும். அவ்வெளி எவருடைய தனியுடைமையாகவும் இருத்தலாகாது என்பதே எமது நிலைப்பாடு.